பாதியில் எழுந்த பில் ஆஃப் என்ட்ரி: பாரிமுனை டாக்குமென்டேஷன் சீட்டுக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சென்னை பாரிமுனையில், தம்பு செட்டி தெரு, லிங்கி செட்டி தெரு, எர்ரபாலு செட்டி தெருப் பக்கத்து கிளியரிங் ஆபீஸ்களில் (சுங்கத்திலிருந்து சரக்கை எடுத்துத் தரும் ஆபீஸ்கள்) டாக்குமென்டேஷன் சீட்டுக்கு, அதாவது ஆவணம் தயாரிக்கும் இருக்கைக்கு, வருகிறவருக்கு முதல் வாரத்தில் சாஃப்ட்வேரைச் சொல்லித் தருவார்கள், ஹெச்.எஸ். கோடு (பொருளின் வகையைக் காட்டும் எண்) பார்க்கச் சொல்லித் தருவார்கள். ஒரு பில் ஆஃப் என்ட்ரியை (இறக்குமதிச் சரக்குக்குச் சுங்கத்துறையில் போடும் படிவத்தை) பாதியில் விட்டு போனை எடுத்து, இன்னொரு பார்ட்டியின் (வாடிக்கையாளரின்) கேள்விக்குப் பதில் சொல்லி, திரும்ப வந்து உட்கார்ந்து தப்பில்லாமல் முடிப்பது எப்படி என்று யாரும் சொல்லித் தருவதில்லை. ஆனால் காலை முதல் இரவு வரை அந்த சீட்டில் நடப்பது அதுதான்.

தப்பு வந்ததும் "கவனமா இருப்பா" என்பார்கள். கவனமாக இருப்பவருக்கும் இந்தத் தப்பு வரும். வேலை மாறும்போது தலை ஒரு விலை கொடுக்கிறது. அதை முழுதாகத் தவிர்க்க முடியாது. எந்த இடத்தில் வேலையை நிறுத்துகிறோம், நிறுத்தும் முன் என்ன எழுதி வைக்கிறோம் என்ற இரண்டும் நம் கையில் இருக்கின்றன. கீழே உள்ளது முழுக்க அதைப் பற்றியே. இறக்குமதி பில்லை வைத்துச் சொல்கிறேன். ஏற்றுமதிக்குப் போடும் ஷிப்பிங் பில்லுக்கும் முறை இதேதான்.

1. என்ன விலை, எவ்வளவு விலை

மூன்று விதமாக விலை போகிறது.

ஒன்று, நேரம். ஒரு வேலையின் விதியை இறக்கிவிட்டு இன்னொரு வேலையின் விதியை ஏற்ற மூளைக்குச் சிறிது நேரம் வேண்டும். முன்கூட்டியே தயாராக அவகாசம் கொடுத்தாலும் இந்தத் தாமதம் குறையுமே ஒழிய முழுதாகப் போகாது. உளவியல் ஆய்வாளர்கள் ராஜர்ஸ், மான்செல் இருவரும் 1995இல் சோதனையில் காட்டியது இது.

இரண்டு, மிச்சம். முடிக்காத வேலை தலையைவிட்டு உடனே இறங்காது. அடுத்த வேலை செய்யும்போதும் அதில் ஒரு பங்கு கவனம் ஒட்டிக்கொண்டே இருக்கும். ஆய்வாளர் சோஃபி லெராய் 2009இல் இதை ஆராய்ந்து எழுதினார். பார்ட்டி கத்திவிட்டு போனை வைத்த பிறகு அடுத்த ஃபைலை நான்கு முறை படித்தும் ஏறாமல் இருப்பது இதனால்தான்.

மூன்று, இடம் தவறுதல். நம் வேலையில் அதிகம் கடிப்பது இதுதான். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் எரிக் ஆல்ட்மேனும் உடன் ஆய்வாளர்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், வரிசையாகச் செய்ய வேண்டிய வேலையின் நடுவே 2.8 விநாடிக் குறுக்கீடு வந்தாலே வரிசைத் தப்புகள் இரண்டு மடங்காயின, 4.4 விநாடி என்றால் மூன்று மடங்கு. நம் ஆபீஸ் கணக்கில் 2.8 விநாடி என்பது இவ்வளவுதான் (டி.ஓ. என்பது சரக்கை எடுக்கக் கப்பல் நிறுவனம் தரும் டெலிவரி ஆர்டர்):

"இன்னாப்பா, டி.ஓ. வந்துச்சா?"

"வந்துச்சுண்ணா."

பணமாகவும் பாருங்கள். பொதுவாகக் கப்பல் வரும் நாளுக்கு முந்தைய நாள் முடிவதற்குள் பில் போட்டாக வேண்டும். சில அண்டை நாட்டுச் சரக்குக்கு மட்டும் விலக்கு. தாமதமானால் முதல் மூன்று நாளுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய், அதன் பிறகு நாளொன்றுக்கு 10,000. நான்கு நாள் போனால் 25,000. டூட்டியை (சுங்க வரியை) உரிய நாளில் கட்டாவிட்டால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி. தப்பைத் திருத்த அமென்ட்மென்ட் போட்டுக் காத்திருக்கும் நாட்களில் ஃப்ரீ டேஸ் (கட்டணமில்லாத நாட்கள்) கரைந்து லைனருக்கு (கப்பல் நிறுவனத்துக்கு) டிடென்ஷனும் (கன்டெய்னரைத் தாமதமாகத் திருப்புவதற்கான கட்டணம்) சி.எஃப்.எஸ்.ஸுக்கு (கன்டெய்னர் சரக்கை வைக்கும் கிடங்குக்கு) வாடகையும் ஏறும். ஒரு எழுத்து மாறியதற்கு இவ்வளவும்.

2. முதல் வாரம்: எண்ணுங்கள், எதையும் மாற்றாதீர்கள்

ஆண்டர்சன் தெருவில் ஒரு சின்ன நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை வேலை நின்றபோதும் ஒரு கோடு; பக்கத்தில் நேரம், யார், எந்த இடத்தில் நின்றது. "11.40, ஃபீல்டு, 5ஆம் ஐட்டம் நடுவில்." அவ்வளவு போதும்.

நீங்களாகவே எழுந்ததையும் குறியுங்கள். யாரும் கூப்பிடாமல் வாட்ஸ்அப்பைத் திறந்தது, கடினமான ஐட்டம் வந்ததும் வேறு ஃபைலைக் கையிலெடுத்தது எல்லாம் இதில் சேரும். பலருக்கு இந்தப் பகுதி எதிர்பார்த்ததைவிட நீளமாக இருக்கும். அதைப் பார்க்காமல் மற்றவர்களிடம் போய் "என்னைத் தொந்தரவு பண்ணாதீங்க" என்று சொல்வதில் நியாயமில்லை.

வாரக் கடைசியில் இரண்டு விஷயம் தெரிந்துவிடும்: எந்த நேரத்தில் போன் குறைவு, எந்த ஆள் எந்தக் கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார். ஃபீல்டு ஆட்கள் கஸ்டம் ஹவுஸுக்கும் மணலி, மாதவரம் பக்கத்து சி.எஃப்.எஸ்.களுக்கும் போய்ச் சேர்ந்ததும் போன் தொடங்கும். அவர்கள் வழியில் இருக்கும் நேரம்தான் உங்களுக்குக் கிடைக்கும் அமைதி. கஷ்டமான ஃபைலை அங்கே வையுங்கள்.

3. மேஜையில் ஒரே ஜாப்

இரண்டு ட்ரே வாங்குங்கள். ஒன்று இன்னும் தொடாதவற்றுக்கு, ஒன்று பாதியில் நிற்பவற்றுக்கு. மேஜை நடுவில் ஒரே ஃபைல். இன்னொரு பார்ட்டியின் இன்வாய்ஸைப் பார்க்க நேர்ந்தால், நடுவில் இருப்பதை மூடி ட்ரேயில் வைத்த பிறகே அதைத் திறக்க வேண்டும். திரையிலும் அப்படியே: ஒரு ஜாப்பின் (ஒரு பில்லுக்கான வேலையின்) பி.டி.எஃப்.கள் மட்டும் திறந்திருக்கட்டும், ஒவ்வொன்றின் பெயரும் ஜாப் நம்பரில் தொடங்கட்டும். "ஸ்கேன்0004" என்ற பெயரில் மூன்று பார்ட்டியின் பி.எல். (பில் ஆஃப் லேடிங், கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ரசீது) திறந்திருந்தால் தப்பு வருவது நிச்சயம். எந்த நாளில் என்பது மட்டுமே பாக்கி.

நோட்டு, ட்ரே, துண்டுச் சீட்டுக் கட்டு எல்லாம் சேர்த்தாலும் சில நூறு ரூபாய்க்குள் முடியும். ஆபீஸ் தராவிட்டால் சொந்தக் காசிலாவது வாங்கிவிடுங்கள்.

4. எங்கே நிறுத்தலாம், எங்கே கூடாது

கணுவில் வெட்டினால் கரும்பு சிதறாது. ஒரு பில் ஆஃப் என்ட்ரிக்கும் அப்படிக் கணுக்கள் உண்டு. அவற்றை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள்.

நிறுத்தக்கூடிய இடங்கள்: ஐ.இ.சி. (இறக்குமதியாளர் எண்), ஜி.எஸ்.டி. எண், ஏ.டி. கோடு (பார்ட்டியின் வங்கிக் குறியீடு) எல்லாம் போட்டு முதல் பக்கம் சேமித்த பிறகு. ஐ.ஜி.எம். (கப்பல் கொண்டுவரும் சரக்குப் பட்டியல்), பி.எல்., கன்டெய்னர் விவரம் முழுதாக முடிந்த பிறகு. ஒரு ஐட்டம் முடிந்து அடுத்தது தொடங்கும் முன். இ-சஞ்சித்தில் (சுங்கத்துறைக்கு ஆவணம் ஏற்றும் தளத்தில்) ஒரு ஆவணம் ஏற்றி அதன் ஐ.ஆர்.என். எண்ணைக் குறித்துக்கொண்ட பிறகு.

நிறுத்தக்கூடாத இடங்கள் நான்கு.

கன்டெய்னர் நம்பர். நான்கு எழுத்து, ஏழு இலக்கம். பத்து விநாடி வேலை. தலைக்கு மேல் யார் நின்றாலும் பதினொன்றையும் அடித்து, தாளில் விரல் வைத்து ஒரு முறை ஒத்துப் பார்த்த பிறகே நிமிருங்கள்.

ஃப்ரெய்ட், இன்சூரன்ஸ் கட்டங்கள். எஃப்.ஓ.பி. இன்வாய்ஸ் (ஃப்ரெய்ட்டும் இன்சூரன்ஸும் சேராத விலை), சரக்குக் கட்டணமும் காப்பீடும் எவ்வளவு என்று தெரிய வழியில்லை என்றால் ஃப்ரெய்ட்டுக்கு 20 சதவீதம், இன்சூரன்ஸுக்கு 1.125 சதவீதம் சேர்க்க வேண்டும். 10,00,000 ரூபாய் சரக்குக்கு 2,00,000, பிறகு 11,250, மொத்தம் 12,11,250. இந்த இரண்டு கட்டங்களுக்கு நடுவே போன் வந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். திரும்பி வரும் கண்ணுக்கு ஃப்ரெய்ட் கட்டத்தில் எண் தெரியும், "இது முடிஞ்சுது" என்று கை அடுத்த பக்கத்துக்குப் போய்விடும், இன்சூரன்ஸ் காலி. இதற்கு நேர்மாறான தப்பு இன்னும் மோசம். இடையில் பார்த்த ஃபைல் எஃப்.ஓ.பி.யாக இருந்து, திரும்பி வந்தது சி.ஐ.எஃப். (இரண்டும் சேர்ந்த விலை) என்றால், பழைய விதி கையில் ஒட்டியிருக்கும். ஏற்கெனவே விலைக்குள் அடங்கிய ஃப்ரெய்ட்டை மறுபடி கூட்டி பார்ட்டியை அதிக டூட்டி கட்ட வைப்பீர்கள்.

ஒரே ஐட்டத்தில் ஹெச்.எஸ். கோடு முதல் நோட்டிஃபிகேஷன் சீரியல் நம்பர் வரை. எட்டு இலக்கக் கோடும் வரிச் சலுகை அறிவிப்பின் வரிசை எண்ணும் ஒரு ஜோடி. முந்தைய ஐட்டத்தை காப்பி செய்து திருத்தும் வழக்கம் உள்ள ஆபீஸ்களில், கோடு எண்ணை மாற்றிவிட்டு எழுந்தால் பழைய ஐட்டத்தின் சீரியல் நம்பர் அப்படியே உட்கார்ந்திருக்கும். கட்டம் நிரம்பியிருப்பதால் யாருக்கும் சந்தேகமே வராது.

செக்லிஸ்ட் (போடப்போகும் பில்லின் முன்வரைவு) படிப்பது. பார்ட்டிக்கு அனுப்பும் முன் அந்தத் தாளை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒரே மூச்சில் படிக்க வேண்டும். நடுவில் நின்றால் நின்ற இடத்திலிருந்து தொடரக் கூடாது. அந்தப் பக்கத்தின் தலையிலிருந்து மறுபடி.

அமெரிக்காவில் விமானம் 10,000 அடிக்குக் கீழே பறக்கும்போது விமானிகள் பறப்புக்குத் தொடர்பில்லாத பேச்சே பேசக் கூடாது என்று 1981இல் விதி போட்டார்கள். நாள் முழுக்க வாயை மூடு என்று சொல்லவில்லை. ஆபத்தான நேரத்தை மட்டும் பிரித்தெடுத்தார்கள். மேலே சொன்ன நான்கும் நமக்கு அந்த நேரம்.

5. எழும் முன் ஒரு சீட்டு

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

எழுவதற்கு முன், ஃபைல் மேல் ஒட்டும் ஒரு துண்டுச் சீட்டில் மூன்று வரி எழுதுங்கள்: எதுவரை முடிந்தது, அடுத்துக் கை வைக்க வேண்டியது எது, மனதில் என்ன சந்தேகம் இருந்தது. இப்படி:

ஜாப் 118
முடிந்தது: இன்வாய்ஸ் 2, 7ஆம் ஐட்டம்
அடுத்து: 8ஆம் ஐட்டம், ஹெச்.எஸ். கோடிலிருந்து
சந்தேகம்: இன்வாய்ஸ் சி.ஐ.எஃப்., ஆனால் பி.எல்.லில் ஃப்ரெய்ட் கலெக்ட். பார்ட்டியிடம் கேட்கணும்

மூன்றாவது வரிதான் உயிர். முதல் இரண்டையும் திரையைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம், நேரம்தான் கூடுதலாகும். சந்தேகம் எங்கேயும் பதிவாகியிருக்காது. சி.ஐ.எஃப். விலையென்றால் ஃப்ரெய்ட்டை அனுப்புகிறவர் கட்டியிருக்க வேண்டும், பி.எல்.லோ அதை இறக்குமதியாளர் கட்ட வேண்டும் (ஃப்ரெய்ட் கலெக்ட்) என்கிறது. அந்த முரண்பாடு உங்கள் கண்ணில் பட்ட அந்த நொடியில் மட்டும் இருந்தது. போன் எடுத்தால் போய்விடும், அப்புறம் கேள்வி ஐஸ்கேட்டில் (சுங்கத்துறையின் இணையதளத்தில்) அதிகாரியிடமிருந்து வரும்.

சீட்டு எழுதுவதால் இன்னொரு லாபம். எங்கே விட்டோம், எப்படித் திரும்புவோம் என்று சுருக்கமாக எழுதிவிட்டுப் போகிறவர்கள் குறுக்கே வந்த வேலையையும் நன்றாகச் செய்கிறார்கள் என்று லெராயும் தெரசா க்ளோம்பும் 2018இல் காட்டினார்கள். பாக்கி வேலையைத் தாளிடம் ஒப்படைத்துவிட்டதால் தலை அதைச் சுமப்பதில்லை.

எவ்வளவு நேரம்? அரை நிமிடம் போதும். போன் அடித்துக்கொண்டிருந்தால் அடிக்கட்டும்; நான்காவது மணியில் எடுத்தாலும் அது அதே போன்தான். மூன்று வரிக்கு வழியே இல்லை என்றால் "அடுத்து" வரியை மட்டும் கிறுக்குங்கள்.

இங்கே வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்: சீட்டை ஃபைலில் ஒட்டாமல் மானிட்டரில் ஒட்டுவது (மத்தியானத்துக்குள் ஆறு சீட்டு தொங்கும், எது எந்த ஜாப் என்று தெரியாது). "பாதி முடிஞ்சுது" என்று எழுதுவது. பழைய சீட்டைக் கிழிக்காமல் புதியதை ஒட்டுவது. வேலையைத் தொடங்கியதும் பழையதைக் கிழித்துப் போடுங்கள்.

6. போன், வாட்ஸ்அப்

டாக்குமென்டேஷன் சீட்டில் இருந்துகொண்டு போனே எடுக்க மாட்டேன் என்று சொல்ல முடியாது. யாருக்கு உடனே, யாருக்குப் பிறகு என்று ஆபீஸில் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

உடனே எடுக்க வேண்டியவை இரண்டு. டிரெய்லர் துறைமுக கேட்டில் நின்று பேப்பரில் ஏதோ ஒத்துவரவில்லை என்றால் அது உடனே. பின்னால் எண்ணூர் ரோடு வரை வண்டி நிற்கும். சரக்கைத் திறந்து வைத்துவிட்டு அதிகாரி கேட்கும் கேள்வி உடனே. மற்ற எல்லாவற்றுக்கும், "பில் போட்டாச்சா", "டூட்டி எவ்வளவு", "டி.ஓ. ரெடியா" எல்லாவற்றுக்கும், அடுத்த கணு வரை பொறுக்கலாம்.

பொறுக்கச் சொல்வதற்கும் ஒரு முறை இருக்கிறது. "அண்ணா, ஒரு ஐட்டம் பாதில இருக்கேன், அஞ்சு நிமிஷத்துல நானே கூப்புடுறேன்." இதில் காரணமும் நேரமும் இருக்கின்றன. "அப்புறம் பேசுறேன்" என்றால் அவர் இரண்டு நிமிடத்தில் மறுபடி கூப்பிடுவார். சொன்னபடி ஐந்து நிமிடத்தில் கூப்பிட்டே ஆக வேண்டும். இரண்டு முறை தவறினால் பிறகு யாரும் உங்களை நம்பிப் பொறுக்க மாட்டார்கள்.

திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்குக் கேட்கும் முன்பே பதில் போட்டுவிடுங்கள். காலையிலும் மத்தியானமும் ஒரு முறை குரூப்பில் ஜாப் நம்பர், நிலை: "118 செக்லிஸ்ட் போயிருக்கு. 121 டூட்டி சலான் வந்தாச்சு. 123 ஓ.ஓ.சி." (ஓ.ஓ.சி. என்றால் சுங்கத்துறை சரக்கை விடுவித்தாயிற்று.) பாதிக்கு மேல் போன்கள் இதற்காகத்தான் வருகின்றன.

சீட்டில் இரண்டு பேர் இருந்தால் 45 நிமிடத்துக்கு ஒருவர் என்று முறை வைத்து ஒருவரே எல்லா போனையும் எடுக்கலாம். முதலாளியிடம் இதைக் கேட்கப் புதியவர்கள் தயங்குவார்கள். உங்கள் முதல் வார நோட்டைக் காட்டிக் கேளுங்கள்: "சார், நேத்து ஐட்டம் நடுவுல இத்தனை தடவை எழுந்திருக்கேன்."

வாட்ஸ்அப் குரூப்புகளை மியூட்டில் வைத்துக் கணுவில் மட்டும் பாருங்கள். வந்த பி.டி.எஃப்.ஐ வந்த உடனே திறந்து படிக்காதீர்கள். ஜாப் நம்பர் போட்டுச் சேமிக்க மட்டும் செய்யுங்கள்.

7. ஒரே மாதிரி வேலையைச் சேர்த்துச் செய்வது, அதில் உள்ள பொறி

விதி மாறுவதுதான் செலவு என்றால் ஒரே விதியுள்ள வேலைகளைச் சேர்த்துச் செய்வது சிக்கனம். இறக்குமதியைக் காலையில், ஷிப்பிங் பில்லைப் பிற்பகலில் என்று பிரிக்கலாம். இ-சஞ்சித் ஏற்றுவதை நான்கைந்து ஜாப்புக்குச் சேர்த்து ஒரே மூச்சில் முடிக்கலாம். இ-வே பில்லையும் அப்படியே.

ஆனால் விதி ஒன்றாக இருக்கும்போது எண்கள் கலக்கும். ஒரே பார்ட்டி, ஒரே சப்ளையர், அடுத்தடுத்த இன்வாய்ஸ் நம்பர், ஒரே பொருள் என்றால் 118இன் எடை 119க்குள் போய் உட்காரும். ஆகவே ஒரே வகை வேலையைச் சேருங்கள்; ஒரே பார்ட்டியின் இரட்டை ஜாப்புகளை மட்டும் அடுத்தடுத்து வைக்காதீர்கள். நடுவில் வேறு பார்ட்டியின் ஜாப் ஒன்றைப் போடுங்கள்.

8. திரும்பி வந்ததும்

சீட்டைப் படியுங்கள். சீட்டு சொல்லும் இடத்துக்கு இரண்டு கட்டம் முன்னால் போய் அங்கிருந்து தாளோடு ஒத்துப் பாருங்கள். விட்டுப்போன கட்டமும் இரண்டு முறை போட்ட கட்டமும் பெரும்பாலும் அந்த இரண்டுக்குள்தான் இருக்கும்.

ஒத்துப் பார்க்கும்போது முதலில் தாளைப் படித்து, பிறகு திரையைப் பாருங்கள். திரையை முதலில் பார்த்தால் அந்த எண் பழகிவிடும். தாளில் வேறு இருந்தாலும் கண் அதையே படிக்கும்.

கன்டெய்னர் நம்பரில் ஒரு எச்சரிக்கை. அதன் கடைசி இலக்கம் சரிபார்ப்பு இலக்கம். ஒரு எண்ணை மாற்றி அடித்தால் பெரும்பாலும் கணக்கு ஒத்துவராது, பிடித்துவிடலாம். ஆனால் வேலை மாறும்போது வரும் தப்பு வேறு ஜாதி: வேறொரு ஜாப்பின் கன்டெய்னர் நம்பரைச் சரியாக அடித்துவிடுவது. சரிபார்ப்பு இலக்கம் அதில் ஒழுங்காகவே இருக்கும். இதைப் பிடிக்க, இந்த ஜாப்பின் பி.எல்.லைக் கையில் வைத்து எண்ணை உரக்கப் படிப்பதுதான் வழி. பக்கத்து சீட்டுக்காரர் திரையைப் பார்க்க நீங்கள் தாளைப் படித்தால் இன்னும் நல்லது.

"பார்ட்டிதான் செக்லிஸ்டுக்கு ஓகே சொல்லிட்டாரே" என்று இருந்துவிடாதீர்கள். அவரும் நாலு வேலைக்கு நடுவில் மொபைலில் பார்த்துத்தான் ஓகே போட்டிருப்பார்.

9. மாலை

களைத்த நேரத்தில் புதிய ஐட்டம் தொடங்க வேண்டாம். ஏற்றுவது, சேமிப்பது, ஃபைல் கோப்பது போன்ற வேலைகளை அங்கே வையுங்கள். கப்பல் மறுநாள் வருகிறது, பில் இன்றே போயாக வேண்டும் என்றால் அதைச் சாயங்காலம் வரை தள்ளாமல் காலை முதல் ஃபைலாக எடுத்திருக்க வேண்டும்.

கிளம்பும் முன் பாதியில் நிற்கும் ட்ரேயைப் புரட்டி, ஒவ்வொரு ஃபைலிலும் சீட்டு இருக்கிறதா என்று பாருங்கள். இரவு ஆளிடம் கொடுப்பதாக இருந்தால் வாயால் மட்டும் சொல்லாதீர்கள். சீட்டோடு ஃபைலைக் கையில் கொடுத்து, "அடுத்து" வரியை அவரைப் படிக்கச் சொல்லுங்கள். அவர் படித்துப் புரியாமல் ஏதாவது கேட்டால், அந்தப் பதிலையும் சீட்டிலேயே எழுதுங்கள்.

காலையில் வந்ததும் முதலில் கப்பல் வருகைத் தேதிகளைப் பாருங்கள். இரவுக்குள் தேதி முன்னுக்கு வந்திருந்தால் அந்த ஃபைல் ட்ரேயின் மேலே வர வேண்டும். வாட்ஸ்அப்பை அதற்குப் பிறகு திறங்கள்.